கேடயத்துக்கு வட்டி கட்டுறது யாரு?

நான் படிச்சது பி.காம். இயற்பியலோட என் உறவு பத்தாம் வகுப்போட முறிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் எனக்குத் தெரிஞ்ச ஒரே விசை கால்குலேட்டர்ல இருக்கிற விசைதான். விண்வெளிச் சண்டையைப் பத்தி எழுத இவன் யாருன்னு நீங்க கேட்டா அது நியாயமான கேள்விதான். ஆனா இருபது வருஷத்துக்கு மேல வங்கியில குப்பை கொட்டினதுல ஒரு வியாதி ஒட்டிக்கிச்சு. எதைப் பார்த்தாலும் "இது எந்தக் கணக்குல ஏறுது?"ன்னு கேட்கிற வியாதி. சினிமா பார்க்கும்போதும் அது விட மாட்டேங்குது.

விண்வெளிப் படங்கள், தொடர்கள்ல அடிக்கடி ஒரு வசனம் வரும். எதிரிக் கப்பல் சுடும். நம்ம கப்பல் குலுங்கும். ஒருத்தர் திரையைப் பார்த்து, "கேடயம் இன்னும் நாற்பது சதவீதம்தான் பாக்கி"ன்னு கத்துவார். பக்கத்துல இருக்கிறவங்க எல்லாம் நாற்காலி நுனிக்கு வந்துடுவாங்க. எனக்கு மட்டும் மீதி அறுபது எங்க போச்சுங்கிற கவலை. எதிரி அனுப்பின ஆற்றல் எங்கேயாவது வரவு ஆகியிருக்கணுமே? ஒரு பக்கம் பற்று எழுதினா இன்னொரு பக்கம் வரவு எழுதியாகணும்னுதான் எங்களுக்கு முதல் வகுப்புல சொல்லித் தந்தாங்க. இயற்பியல்காரங்க அதையே ஆற்றல் அழிவின்மைன்னு சொல்றாங்க. பேருதான் வேற, பேரேடு ஒண்ணுதான்.

இந்த ஆயுதம் கேடயம் விவகாரம் நமக்கொண்ணும் புதுசு இல்லைங்க. நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். பாலக்காடு மாவட்டத்துல, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின ஊர். எங்க மாவட்டத்துப் பகவதி கோயில்கள்ல தோல்பாவைக்கூத்து நடக்கும். கேரளத்துல நடக்கிற கூத்துதான், ஆனா பாடறது கம்பராமாயணப் பாட்டு. பத்ரகாளி தாரிகனோட சண்டை போட்டுட்டு இருந்ததால ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாம போச்சாம். அதனால அவளுக்காக வருஷா வருஷம் நடத்திக் காட்டறாங்க. பார்க்க மனுஷங்க யாரும் வராட்டியும் கூத்து நிக்காது. வெள்ளைத் துணிக்குப் பின்னால வரிசையா விளக்கு எரியும். இந்திரஜித் நாகபாசம் விடுவான், அதை முறிக்கக் கருடன் வருவான். ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு மாத்து. நான் பார்த்த முதல் ஸ்டார் வார்ஸ் அதுதான்.

மகாபாரதம் இதைவிடக் கணக்கானது. கர்ணனோட கவசத்தை எந்த அம்பும் துளைக்கலை. இந்திரன் பிராமண வேஷத்துல வந்து கேட்டு வாங்கிட்டுப் போயிட்டான். இன்னிக்கு வங்கி வாடிக்கையாளர்கிட்ட போன் பண்ணி ஓடிபி கேட்கிறவன் இந்திரனோட வாரிசு. பூட்டு உடையலை, சாவி கேட்டு வாங்கப்பட்டது! பதிலுக்கு இந்திரன் கொடுத்தது சக்தி ஆயுதம். ஒரே ஒரு தடவைதான் விட முடியும். அர்ச்சுனனுக்குன்னு கர்ணன் பத்திரமா வெச்சிருந்தான். கிருஷ்ணன் என்ன பண்ணார்? கடோத்கசனை முன்னால விட்டார். வேற வழியில்லாம கர்ணன் அதை அவன் மேல விட்டுட்டான். அதோட அந்தக் கணக்கு தீர்ந்தது. அடுத்தவனோட விலை உயர்ந்த ஆயுதத்தை வேற இலக்குல செலவழிக்க வைக்கிறது இன்னிக்குப் போர்க் கல்லூரிகள்ல பாடம்.

இப்ப வங்கிக்கு வர்றேன். நான் கொஞ்ச காலம் இடுக்கி மலைப் பக்கம் ஒரு கிளையில இருந்தேன். ஏலக்காய்க் கடன், மிளகுக் கடன், எல்லாத்துக்கும் மேல நகைக்கடன். கேரளத்துல வங்கிப் பெட்டக அறைங்கிறது ஊர்ப் பெண்களோட கழுத்து மொத்தமும் தூங்கற இடம். இந்தப் பெட்டகங்களை எப்படித் தரம் பிரிக்கிறாங்க தெரியுமா? "உடைக்கவே முடியாது"ன்னு எந்தச் சான்றிதழும் சொல்றதில்லை. நிமிஷம்தான் கணக்கு. அமெரிக்கத் தரத்துல டிஎல்-15, டிஎல்-30ன்னு இருக்கு. தேர்ந்த ஆள் நல்ல கருவிகளோட வேலை பார்த்தா பதினஞ்சு நிமிஷம், முப்பது நிமிஷம் தாங்கும்னு அர்த்தம். இரும்புக் கதவு நேரம் வாங்கித் தரும். அந்த நேரத்துக்குள்ள அலாரம் அடிச்சு, போலீஸ் வந்தாகணும். எல்லாக் கேடயமும் இப்படித்தான். கொஞ்சம் நேரம் தரும், அதுக்கு ஒரு விலை கேட்கும்.

விண்வெளியில அந்த விலைக்குப் பேரு வெப்பம்.

என் அக்கா பையன் கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் படிக்கிறான். அறிவியல் கதை எழுதற ஆசை உண்டு. ஒரு கதையை அனுப்பி வெச்சுட்டு போன் பண்ணினான்.

"மாமா, நம்ம கப்பலோட கேடயம் ஒளி, வெப்பம், குண்டு எதையுமே உள்ளே விடாது."

"வெளிய விடுமா கண்ணு?"

"அதெப்படி மாமா, ரெண்டு பக்கமும் அடைப்புதான்."

"அப்ப உள்ளே இருக்கறவங்க இட்லிதான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரிச்சான்.

விஷயம் இதுதான். பூமியில சூடான பாத்திரத்தைக் காத்து தொட்டுத் தொட்டு ஆத்திடும். விண்வெளியில காத்து இல்லை. ஃபிளாஸ்க்குக்குள்ள வெச்ச காப்பி மாதிரி கப்பல் தன் சூட்டைத் தானே சுமக்கணும். வெளிய தள்ள ஒரே வழி கதிர்வீச்சு. சாதாரண அறை வெப்பத்துல இருக்கிற ஒரு சதுர மீட்டர் தகடு சுமார் 460 வாட்தான் வெளியேத்தும். ஒரு மெகாவாட் சூட்டை வெளியேத்த 2,200 சதுர மீட்டர் வேணும். கேரளத்துல அடமான நிலத்தை சென்ட்டுல அளந்து பழகினவன் நான், அதனால சொல்றேன்: 54 சென்ட். தகட்டோட ரெண்டு பக்கத்தையும் பயன்படுத்தினா 27 சென்ட். சர்வதேச விண்வெளி நிலையத்துல அம்மோனியா ஓடற பெரிய பெரிய ரேடியேட்டர்களை வெச்சு வெளியேத்தறதே சுமார் 70 கிலோவாட்தான். தகட்டை இன்னும் சூடாக்கினா பரப்பு குறையும், வாஸ்தவம். ஆனா அப்ப அது இருட்டுல தணல் மாதிரி ஜொலிச்சு எதிரிக்கு முகவரி கொடுக்கும்.

இப்ப லேசர் பீரங்கிக்கு வாங்க. முப்பது சதவீதத் திறன்னு வெச்சுக்குவோம். எதிரி மேல ஒரு மெகாவாட் விழணும்னா நம்ம கப்பலுக்குள்ள ரெண்டு மெகாவாட்டுக்கு மேல சூடு தங்கும். எதிரிக்கு ஒரு ரூபா நஷ்டம் பண்ண, நம்ம கணக்குல உடனே ரெண்டு ரூபா பற்று! போதாக்குறைக்கு ஒளிக்கத்தை போகப் போக விரியும். ஒரு மீட்டர் கண்ணாடியில கிளம்பற அகச்சிவப்பு லேசர், நிலவு தூரம் போறதுக்குள்ள கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவிடும். அதுல எதிரி குளிர் காயலாம்.

இந்தக் கணக்குப்படி பார்த்தா 1977 ஸ்டார் வார்ஸ் படத்துல எல்லாரும் கேலி பண்ற அந்த ஓட்டையை நான் மதிக்கிறேன். அவ்வளவு பெரிய டெத் ஸ்டார்ல ரெண்டு மீட்டர் அகலத்துல ஒரு துவாரம், அது வழியா குண்டு போட்டு மொத்தத்தையும் தகர்த்துடறாங்க. முட்டாள்தனமான வடிவமைப்புன்னு சிரிக்கிறாங்க. ஆனா அது எதுக்கான துவாரம்? வெப்பப் போக்கி. சூடு வெளியே போகணும், போற வழி திறந்திருக்கணும், திறந்த வழியில எதிரியும் வரலாம். அந்தப் படத்துலயே நேர்மையான காரியம் அந்த ஓட்டைதான்.

ஃப்ராங்க் ஹெர்பர்ட் 1965ல எழுதின 'டியூன்' நாவல் இன்னும் சுத்தம். அதுல ஆள் உடம்பைச் சுத்தி ஒரு கேடயம் இருக்கு. வேகமா வர்றதைத் தடுக்கும், மெதுவா வர்றதை விட்டுடும். லேசர் பட்டா கேடயம் போட்டவன், சுட்டவன் ரெண்டு பேரையும் சேர்த்துத் தூக்கற மாதிரி வெடிக்கலாம். அதனாலதான் அத்தனை ஆயிரம் வருஷம் கழிச்சும் அங்க கத்திச் சண்டை. கேடயத்தோட நிபந்தனைகளைப் பொடி எழுத்துல போடாம முதல்லயே சொல்லிட்டார், கதை முழுக்க அதை மீறவும் இல்லை. 'தி எக்ஸ்பேன்ஸ்' கதைகள்ல மாயக் கேடயமே கிடையாது. அந்தத் தொடர்ல சண்டைக்கு முன்னால எல்லாரும் உடுப்பை மாட்டிக்கிட்டு கப்பல்ல இருக்கிற காத்தை வெளியேத்திடுவாங்க. ஓட்டை விழத்தான் போகுது, நஷ்டத்தைக் குறைச்சுக்கோன்னு அர்த்தம். வங்கியில இதைத்தான் ஒதுக்கீடுன்னு சொல்லுவோம்.

இடுக்கியில இதைக் கண்ணால பார்த்திருக்கேன். யானை வர்ற தோட்டங்களைச் சுத்தி சோலார் வேலி போடுவாங்க. விட்டு விட்டுத் துடிப்பா மின்சாரம் வரும். சாகடிக்காது, சுரீர்னு இழுத்து விரட்டும். போட்ட புதுசுல பிரமாதமா வேலை செய்யும். அப்புறம் மழைக்காலம் வரும், புல் வளரும். பச்சைப் புல் கம்பியைத் தொட்டாலே மின்சாரம் மண்ணுக்குள்ள கசிஞ்சு போயிடும். யானையும் சும்மா இருக்காது. பக்கத்துல இருக்கிற மரத்தை வேலி மேல சாய்ச்சுட்டு ஹாயா உள்ளே வரும். கடன் கேட்டு வர்றவர்கிட்ட வேலிக்கு எவ்வளவு ஆகும்னு கேட்டா டாண்ணு பதில் வரும். மாசா மாசம் புல் வெட்ட எவ்வளவுன்னு கேட்டா முழிப்பாங்க. எந்த விண்வெளிப் படத்துலயாவது கேடயத்துக்குப் புல் வெட்டற செலவைக் காட்டியிருக்காங்களா? சின்னக்கானல் பக்கம் அரிசிக்காகக் கடைகளை உடைச்ச அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் 29ல மயக்க ஊசி போட்டுப் பிடிச்சு, கழுத்துல ரேடியோ பட்டை மாட்டி, பெரியாறு காட்டுல விட்டாங்க. ஒரு மாசத்துக்குள்ள கம்பம் நகரத் தெருவுல நடந்துக்கிட்டு இருந்தான். மாநில எல்லை, வேலி, பட்டை எதுவும் அவனுக்குக் கணக்கே இல்லை.

நான் இப்ப இருக்கிறது தோஹாவுல. 2025 ஜூன் 23 சாயங்காலம் ஏழரை மணி வாக்குல வானத்துல இந்தக் கணக்கு நேராவே நடந்துச்சு. அல் உதெய்த் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணைகளை விட்டது. நாங்க மொட்டை மாடிக்கு ஓடினோம். கீழேயிருந்து வெளிச்சங்கள் ஏறிப் போய் மேலே வெடிச்சுது. சத்தம் தாமதமா வந்து ஜன்னலை உலுக்குச்சு. சினிமால அழகா இருக்கும், நேர்ல வயித்தைக் கலக்கும். உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. விமானங்களை நிறுத்தி வெச்சிருந்தாங்க. ஊர்லேர்ந்து அம்மா போன் பண்ணி, "நீ உடனே கெளம்பி வா சாமி"ன்னு அழுதாங்க. வானமே மூடியிருக்கு, எதுல கிளம்பறது?

அடுத்த நாள் ஆபீஸ்ல எல்லாரும் அரசியல் பேசினாங்க. என் தலைக்குள்ள விலைப்பட்டியல் ஓடிக்கிட்டு இருந்துச்சு. பேட்ரியாட் வகையில ஒரு புதிய இடைமறிப்பு ஏவுகணை சுமார் 40 லட்சம் டாலர். உக்ரைன் போர்ல கூட்டம் கூட்டமா விட்ட ஷாஹித் ட்ரோன் ஒண்ணு 20,000 முதல் 50,000 டாலர்வரைதான்னு மதிப்பிடறாங்க. நூறு ட்ரோன் வாங்கற காசுல ஒரு தடுப்பு. ஒவ்வொரு தடவை ஜெயிக்கும்போதும் தடுக்கிறவன் கொஞ்சம் கொஞ்சமா திவாலாகறான். கடோத்கசன் இன்னும் சாகலைங்க.

இதெல்லாம் பூமியில. மேலே போனா கணக்கு இன்னும் விபரீதம். தாழ்ந்த சுற்றுப்பாதையில ரெண்டு பொருள் எதிரெதிரா மோதினா வேகம் வினாடிக்குப் பத்து கிலோமீட்டர் அளவுல இருக்கும். பத்து கிராம் நட்டு ஒண்ணு அந்த வேகத்துல வந்தா, பத்து டன் லாரி மணிக்கு 36 கி.மீ வேகத்துல வந்து இடிக்கிற அதே ஆற்றல். ஜிஎஸ்டிக்கு முன்னால வாளையார் செக்போஸ்ட்ல நின்ன லாரி வரிசை ஞாபகம் இருக்கிறவங்க, அதுல ஒண்ணை ஒரு நட்டுக்குள்ள அடைச்சதா நினைச்சுக்குங்க.

இதுக்கு நிஜமாவே ஒரு கேடயம் இருக்கு. ஃப்ரெட் விப்பிள்ங்கிற வானியலாளர் 1940கள்லயே சொன்ன யோசனை. தடிமனா ஒரே சுவர் வேண்டாம். முன்னால மெல்லிசா ஒரு தகடு, நடுவுல இடைவெளி, பின்னால சுவர். வர்ற துகள் முதல் தகட்டுல மோதின வேகத்துலயே தூளாகி, ஆவியாகி, இடைவெளியில விரிஞ்சு, பின்சுவர் முழுக்கப் பரவி விழும். ஒரே ஆள் மேல விழற கடனை நூறு பேருக்குப் பிரிச்சுக் கொடுக்கிற மாதிரி. விண்வெளி நிலையத்தைக் காப்பாத்தறது இந்தத் தத்துவம்தான். ஆனா அது தாங்கறது சுமார் ஒரு சென்டிமீட்டர்வரை. பத்து சென்டிமீட்டருக்கு மேல இருந்தா தரையிலிருந்து ரேடார்ல பார்த்து விலகிக்கலாம். நடுவுல இருக்கிறதைத் தடுக்கவும் முடியாது, சரியாப் பார்க்கவும் முடியாது. அப்படிப்பட்ட துண்டுகள் பத்து லட்சத்துக்கு மேலன்னு ஐரோப்பிய விண்வெளி முகமை மதிப்பிடுது.

அதுல நிறைய நாமே போட்டது. 2007 ஜனவரியில சீனா தன்னோட பழைய வானிலைச் செயற்கைக்கோளை ஏவுகணையால உடைச்சது. கண்காணிக்கிற அளவுள்ள துண்டுகளே மூவாயிரத்துக்கு மேல. 2019 மார்ச் 27ல இந்தியாவோட மிஷன் சக்தி. ஒடிசா கரையில அப்துல் கலாம் தீவிலிருந்து கிளம்பின ஏவுகணை, 740 கிலோ மைக்ரோசாட்-ஆர் செயற்கைக்கோளை முன்னூறு கிலோமீட்டர் உயரத்துக்குள்ளேயே மோதி உடைச்சது. வெடிமருந்து எதுவும் இல்லை, மோதலே ஆயுதம். குப்பை சீக்கிரம் எரிஞ்சு விழட்டும்னுதான் அவ்வளவு தாழ்வான இடத்தைத் தேர்ந்தெடுத்தாங்க. பெரும்பாலும் அப்படியே விழுந்துடுச்சு. ஆனா சில துண்டுகள் விண்வெளி நிலையத்தோட உயரத்தையும் தாண்டி எகிறிப் போச்சு. 2021 நவம்பர் 15ல ரஷ்யா தன்னோட காஸ்மோஸ்-1408ஐ உடைச்சப்ப, விண்வெளி நிலையத்துல இருந்த ஏழு பேரும் தப்பிக்கிற கலங்களுக்குள்ள போய் உட்கார வேண்டியதாச்சு. இந்திய வம்சாவளியான ராஜா சாரி அதுல ஒருத்தர். இன்னும் ரெண்டு பேர் ரஷ்யர்கள்! சொந்த நாடு போட்ட குண்டுக்குச் சொந்தப் பிள்ளைகளே பதுங்கினாங்க.

கதைகளோட ஆயுத தர்க்கம் இந்த இடத்துலதான் தடுமாறுது. கதையில எதிரிக் கப்பல் வெடிச்சுச் சிதறும், தீப்பொறி பறக்கும், அடுத்த காட்சி வந்துடும். நிஜத்துல சிதறின ஒவ்வொரு துண்டும் அதே வேகத்துல சுத்திக்கிட்டே இருக்கும், ஜெயிச்சவனுக்கும் தோத்தவனுக்கும் வித்தியாசம் பார்க்காம. பூமியில வெடிச்ச குண்டு அத்தோட முடிஞ்சது. மேலே அது வட்டி போட்டு வளர்ற கடன். ஒரு துண்டு இன்னொண்ணுல மோதி நாலாகும்.

எங்க நெம்மாறையில பங்குனி மாசம் வேலைத் திருவிழா. நெம்மாறை ஒரு பக்கம், வல்லங்கி ஒரு பக்கம், வாணவேடிக்கையில போட்டி. போன வருஷம் அவங்க இவ்வளவு வெடிச்சாங்களா, இந்த வருஷம் நாங்க அதுக்கு மேல. பார்க்கப் பரவசமா இருக்கும். விடிஞ்சதும் வயல் முழுக்கக் காகிதம், சாம்பல். கூட்டிப் பெருக்கினா போயிடும். மேலே பெருக்க ஆளும் இல்லை, விளக்குமாறும் இல்லை.

நெம்மாறையை வீணா இழுக்கலை. 2024 பிப்ரவரி 27ல திருவனந்தபுரத்துல ககன்யான் திட்டத்துக்கான நாலு பேரை அறிவிச்சாங்க. சென்னையில பிறந்த அஜித் கிருஷ்ணன் அதுல ஒருத்தர். இன்னொருத்தர் பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், நெம்மாறைக்காரர். எங்க ஊர்லேர்ந்து பஸ் பிடிச்சுப் போற தூரம். ககன்யான் சுத்தறதாத் திட்டமிட்ட உயரம் சுமார் 400 கிலோமீட்டர். அந்த உயரத்துல அவங்களுக்கும் வெற்றிடத்துக்கும் நடுவுல இருக்கப் போறது சினிமாவோட நீல நிறக் கேடயம் இல்லை, சில அடுக்குத் தகடுதான்.

2022 ஏப்ரல்ல அமெரிக்கா இனிமே இந்த மாதிரி உடைக்கிற சோதனை நடத்த மாட்டோம்னு சொல்லுச்சு. அதே வருஷம் டிசம்பர்ல ஐ.நா. பொதுச்சபை எல்லா நாடுகளையும் அப்படியே கேட்டுக்கிச்சு. இந்தியா வாக்கெடுப்புல யார் பக்கமும் சேராம ஒதுங்கிக்கிச்சு. காரணம் புரியாம இல்லை. முதல்ல சோதிச்சவங்க, தங்களுக்கு வேண்டியதைத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் கதவைச் சாத்தறது பழைய பழக்கம். பக்கத்து வீட்டுக்காரன் கையில கல் இருக்கும்போது நம்ம கை வெறுமையா இருக்க முடியாதுங்கிறதும் நியாயம். ஆனா நம்மகிட்டயும் கல் இருக்குன்னு 2019ல காட்டியாச்சு. இன்னொரு தடவை எறிஞ்சு காட்ட வேண்டியதில்லை. கையெழுத்துப் போடறது எனக்குத் தெரிஞ்சு ரொம்ப மலிவான கேடயம். சூடாகாது, புல் வெட்ட வேண்டாம், 40 லட்சம் டாலரும் ஆகாது.

அக்கா பையன் கதையைத் திருத்தி அனுப்பியிருக்கான். கப்பல்ல இப்ப ரேடியேட்டர் இருக்கு, சண்டை நடுவுல அதை விரிக்கலாமா மடக்கலாமான்னு தளபதி தவிக்கிற இடம் நல்லா வந்திருக்கு. உடைஞ்ச கப்பலோட துண்டெல்லாம் எங்க போச்சுன்னு கேட்டிருக்கேன். யோசிச்சுச் சொல்றேன் மாமான்னான்.

டிஸ்கி: விண்வெளிச் சண்டையை வெச்சு, செலவுக் கணக்கையும் ஒழுங்கா எழுதின தமிழ்க் கதை ஏதாவது உங்களுக்குத் தெரிஞ்சா பேரைச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை லீவு, படிக்க நேரம் இருக்கு.